வழுக்கவில்லை, திருப்பினேன்

கொரோயிக்கோ
19 பிப்ரவரி 1997

மரியாதைக்குரிய தோன்யா எமெத்தேரியா காலிசாயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அனிசேத்தோ சபாலா. நம் இரண்டு வண்டிகளும் மோதிய அன்று மினிபஸ்ஸை ஓட்டி வந்தவன். மூடுபனியில் என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். ஒரு பலகையில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடுப்பெலும்பு உடைந்த நிலையிலும் "பாத்துத் தூக்குங்கடா, நான் என்ன வாழைத்தாரா?" என்று நீங்கள் அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

லா பாஸ் ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்க விட்டிருக்கிறார்களாம். வார்டு வாசலில் போலீஸ் காவலும் உண்டாம். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று என் மனைவி நியெவெஸ் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்.

இங்கே எல்லோரும் நலம். என் பஸ்ஸில் வந்த ஒருவர்கூடச் சாகவில்லை. பள்ளி ஆசிரியை பெலீசாவுக்குத் தோள்பட்டை உடைந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நன்றிப் பூசை வைத்தார்கள். பாதிரியார் என் பெயரைச் சொன்னார். பாறையை ஒட்டி வண்டியை நிறுத்தி எல்லோரையும் காப்பாற்றினேனாம். தெருவில் போனால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று போலீஸ் கேட்டபோது, லாரி என் பக்கத்துக்கு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. அதை வைத்துத்தான் உங்கள் மேல் தப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அந்த வளைவிலேயே விசாரணை நடக்கப்போகிறது. உங்களைச் சிறையில் போட்டால் லாரிச் சங்கம் சாலையை மறிக்கும். என்னைப் போட்டால் மினிபஸ் சங்கம் மறிக்கும். கோக்கா இலை பறிக்கும் நேரத்தில் மறியல் வந்தால் ஊர் தாங்காது. அதனால் இரண்டு சங்கங்களும் உட்கார்ந்து பேசி, மழை மேல் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மழை பெய்தது, சேறு, உங்கள் லாரி வழுக்கியது. யார் மேலும் தப்பில்லை. வழுக்கியது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேருக்கும் லைசென்ஸ் மிஞ்சும்.

எங்கள் தோட்டத்து வாழைப்பழம் ஒரு சீப்பும் கொஞ்சம் காப்பித்தூளும் அனுப்பியிருக்கிறேன்.

பணிவுடன்,
அனிசேத்தோ சபாலா

*

லா பாஸ்
26 பிப்ரவரி

திரு. சபாலா,

கரனாவியிலிருந்து நான் ஏற்றி வந்த வாழைப்பழ லோடு முழுக்கப் பள்ளத்தில் அழுகிக்கொண்டிருக்கிறது. நீ எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, அதற்கும் சேர்த்து உன்னைத் திட்டினேன். பழம் நன்றாக இருந்தது. வாசலில் காவலுக்கு இருக்கும் பையனும் நானும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். கடிதம்தான் வேகவே இல்லை.

மூடுபனியைப் பற்றி எழுதினாய், பூசையைப் பற்றி எழுதினாய், மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதினாய். வளைவில் நீ எந்தப் பக்கம் வந்தாய் என்பதை மட்டும் எழுதவில்லை. உன் பேனாவும் உன்னை மாதிரியே ஓட்டுகிறது, நடுவில் இருப்பதையெல்லாம் முந்திக்கொண்டு.

இந்த மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சட்டத்தை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறுகிற வண்டிக்குப் பாறைப் பக்கம். இறங்குகிற வண்டிக்குப் பள்ளத்துப் பக்கம், ஓட்டுகிறவன் தலையை நீட்டித் தன் சக்கரத்தையும் விளிம்பையும் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக. எதிரெதிரே வந்துவிட்டால் இறங்குகிறவன்தான் நிற்க வேண்டும், பின்னால் போகவேண்டியிருந்தாலும் அவன்தான் போக வேண்டும். நான் ஏறி வந்தேன். பாறையை ஒட்டி வந்தேன். வளைவில் பனிக்குள்ளிருந்து ஒரு மினிபஸ் நேராக என் மூக்குக்கு எதிரே வந்தது, நான் இருக்க வேண்டிய பக்கத்தில், ஏதோ பேய் துரத்துகிற மாதிரி. திருவிழா முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கண்ணாடியில் கட்டிய கலர் ரிப்பன் பறக்க வந்தாய். உன் வண்டி எப்படி அந்தப் பக்கத்துக்கு வந்தது?

நேற்று உங்கள் சங்கச் செயலாளர் கிரிசாந்தோ கேக்கோடு வந்தார். கூடவே எங்கள் சங்கத் தலைவரும் வந்தார். ஜென்மப் பகைவர்கள் இரண்டு பேரும் ஒரே டாக்சியில் வந்து இறங்கினார்கள்.

"வழுக்கிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. மழைக்கு என்ன, லைசென்ஸா போகப் போகுது?" என்றார் உங்களவர்.

"முப்பது வருஷமா ஓட்டுறேன். என் வண்டி ஒரு தடவையாவது வழுக்குனதுன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"பேச்சுக்குத்தானே சொல்லச் சொல்றோம்" என்றார் எங்களவர்.

"பேச்சுக்குக்கூட வழுக்காது" என்றேன்.

கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இதை நன்றாக எழுதி வைத்துக்கொள். என் லாரி வழுக்கவில்லை. நான்தான் திருப்பினேன். பள்ளத்துப் பக்கம், வேண்டுமென்றே, இரண்டு கையாலும்.

எமெத்தேரியா காலிசாயா

*

கொரோயிக்கோ
4 மார்ச்

தோன்யா எமெத்தேரியா,

உங்கள் கடிதத்தைக் கழிவறையில் வைத்துப் படித்தேன். வீட்டில் வேறு எங்கேயும் தனியாக இருக்க முடியவில்லை, யாராவது என்னைப் பாராட்ட வந்துவிடுகிறார்கள்.

கேட்டீர்கள், சொல்கிறேன். நான் முந்தினேன். முன்னால் போனது கிரிசாந்தோவின் மினிபஸ். கொரோயிக்கோவுக்கு யார் முதலில் போய்ச் சேர்கிறாரோ அவருக்குத்தான் திரும்பிப் போக ஆள் ஏற்றும் முதல் முறை. எங்கள் சங்கத்தில் இது எழுதாத சட்டம், அதை ஏற்படுத்தியதே கிரிசாந்தோதான். அவர் விளிம்பை ஒட்டி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். நான் பாறைப் பக்கம் புகுந்து முந்தினேன். முந்தக் கூடாத வளைவு, எனக்குத் தெரியும். அங்கே எத்தனை சிலுவைகள் நட்டிருக்கிறார்கள் என்றும் தெரியும். அவரைத் தாண்டிவிட்டேன், என் பக்கத்துக்குத் திரும்புவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். மற்றவர்களுக்கு முந்துவது ஒரு பெரிய விஷயமே இல்லை. பின்னால் வந்த கிரிசாந்தோ மட்டும் எல்லாவற்றையும் பார்த்தார். மழை என்ற யோசனை அவருடையதுதான்.

இத்தனை நாளாக ஒன்று புரியவில்லை. சட்டம் உங்கள் பக்கம் இருந்தது. பாறை உங்கள் பக்கம் இருந்தது. பிரேக்கை அழுத்திவிட்டு அப்படியே நின்றிருந்தால் உங்களை ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. எதற்காக விளிம்புக்குத் திருப்பினீர்கள்? வாழைப்பழ லோடோடு ஒரு லாரி என் கண் முன்னால் குறுக்கே வந்து விளிம்பை அடைத்தது. எனக்குப் போக வேறு வழியே இல்லை. உங்கள் லாரிக்கும் பாறைக்கும் நடுவே போய் ஆப்பு மாதிரி சிக்கி நின்றேன். அதனால்தான் உயிரோடு இருக்கிறோம். நான் பார்த்த ஓட்டுநர்களில் உங்களைப் போல் ஒருவர் கிடையாது. இதை முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் இல்லாமல் தாளில் சொல்கிறேன்.

ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், மழையென்று சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றே திருப்பினேன் என்று நீங்கள் சொன்னால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். நான் முந்தினேன் என்று சொன்னால் எனக்குச் சிறை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நியெவெஸுக்கு முந்தாநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "அந்தம்மா மழைன்னு சொல்லிட்டா யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

அனிசேத்தோ

*

லா பாஸ்
11 மார்ச்

தம்பி அனிசேத்தோ,

இந்தக் கடிதம் வெந்திருக்கிறது. இனிமேல் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

எதற்குத் திருப்பினேன் என்று கேட்டாய். யோசித்துச் செய்ததில்லை, அதற்கு நேரமும் இல்லை. ஆனால் இங்கே கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. இந்த மலையில் இறங்குகிறவனின் கை எங்கே போகும்? விளிம்புக்குத்தான் போகும். எதிரே வண்டியைக் கண்டால் விளிம்புக்குப் போ, வழி விடு என்று நம் கைக்குப் பழக்கியிருக்கிறோம். நானும் இறங்கும்போது அப்படித்தான். நீ ஒரு நல்ல ஓட்டுநர் போல, பிடிபட்ட நொடியில் சட்டத்தை மதித்து உன் பக்கத்துக்குத் திருப்பியிருப்பாய். அந்த வேகத்தில், அந்தச் சேற்றில், சட்டத்தை மதித்தபடியே எல்லோரையும் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்குப் போயிருப்பாய். நான் என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். தப்பு முழுக்க உன்மேல். எழுத எவ்வளவு சுலபம்! அதனால் நீ போகிற இடத்தில் நான் போய் நின்றேன். அவ்வளவுதான்.

என் முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் கதவைத் திறந்து குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய பாவாடைகளோடு குதிப்பது பார்க்க அழகாக இருந்திருக்காது. லாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டது. நல்ல வண்டி. அதற்காக அழுதேன், உனக்காக இல்லை.

இப்போது கேள். டாக்டர் என்னை மலைக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார். அதனால் போக்குவரத்து போலீஸ் அதிகாரி பெரெதோ நாளை இங்கேயே வந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்கிறார். விசாரணையில் படிப்பாராம். நான் என்ன செய்தேனோ அதைச் சொல்வேன். வழுக்கவில்லை, திருப்பினேன். நீ என்ன செய்தாய் என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஊரே பூசை வைத்துக் கொண்டாடுகிறவன்மேல் ஒரு லாரிக்காரி பழி போட்டால் யார் நம்புவார்கள்? அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அது உன் சொத்து. உன் தப்பை எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீயே வைத்துக்கொள், இல்லையென்றால் நீயே கொடு.

பிள்ளைகளுக்கு என் அன்பு. நியெவெஸிடம் கோபமில்லை என்று சொல். நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எமெத்தேரியா

*

லா பாஸ், காவல் அறை
22 மார்ச்

அம்மா,

நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருந்து எழுதுகிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் சில தெருக்கள்தான் இருக்கும். ஆனால் இருவராலும் நடக்க முடியாது.

வளைவில் நடந்ததை வேறு யாராவது கண்டபடி சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். கூட்டம் திருவிழாவுக்கு வந்தது போல் வந்திருந்தது. ஒரு பக்கம் லாரிக்காரர்கள், ஒரு பக்கம் எங்களவர்கள், நடுவில் சோளக்கஞ்சி விற்கிற பெண். என் பஸ்ஸில் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் எனக்குத் துணையாக வந்திருந்தார்கள். ஆசிரியை பெலீசா கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி முன்வரிசையில் நின்றார். அதிகாரி பெரெதோ சுண்ணாம்புத் தூளால் உங்கள் டயர் தடம் இருந்த இடத்தையும் என் தடம் இருந்த இடத்தையும் கோடு போட்டுக் காட்டினார். பிறகு உங்கள் வாக்குமூலத்தைப் படித்தார்.

வழுக்கவில்லை, நானே திருப்பினேன், வேண்டுமென்றே திருப்பினேன், மினிபஸ் எப்படி வந்தது என்பதை அதை ஓட்டியவரிடம் கேளுங்கள். அவ்வளவுதான் இருந்தது. இரண்டு சங்கத்துக்காரர்களும் மழைக்காகப் பேசத் தயாராக வந்தவர்கள், வாயைத் திறந்தபடி நின்றார்கள். எங்கள் பக்கம் ஒரே கூச்சல்.

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!"

"லைசென்ஸப் புடுங்குங்க சார்!"

கிரிசாந்தோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வாயத் தொறக்காத. கெழவி நம்ம வேலையச் சுலபமாக்கிட்டா" என்று காதுக்குள் சொன்னார்.

அம்மா, உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகளைப் பார்க்கலாம், நாளைக்கு வண்டி எடுக்கலாம். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் கடைசி வரை மறுத்திருப்பேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் என்னை நிற்கவிடாமல் செய்தது.

அதிகாரி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "லாரி உங்க பக்கம் வந்தப்புறம்தான் நீங்க பாறைப் பக்கம் ஒதுங்குனீங்களா?"

"இல்ல சார். அதுக்கு முன்னாடியே பாறைப் பக்கத்துலதான் இருந்தேன்."

"ஏன்?"

"ஓவர்டேக் பண்ணிட்டு வந்தேன்."

"யார?"

நான் கிரிசாந்தோவைக் காட்டினேன். அவர் இன்னும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்பு பள்ளம் வரை கேட்டிருக்கும். அதிகாரி சிரிக்கவில்லை.

"அந்தம்மா திருப்பாம அங்கயே நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?"

நான் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி விளிம்பு வரை நடந்து போய் நின்றேன். "இங்க போயிருப்பேன் சார். இவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு. அந்தம்மா தெரிஞ்சுதான் குறுக்க வந்தாங்க. அவங்க மனுஷியே இல்ல, தெய்வம்."

பெலீசா என் பக்கத்தில் வந்து கீழே எட்டிப் பார்த்தார். உங்கள் லாரியின் நீல நிறக் கதவு மரங்களுக்கு நடுவே தெரிந்தது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"பூசைல உன் பேரையா சொன்னோம்?" என்றார். பிறகு, "அந்தம்மா பேரு என்ன?" என்று கேட்டார்.

அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார். எமெத்தேரியா காலிசாயா என்று கத்தினேன். அதன் பிறகு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

உங்கள் வார்டு வாசலில் இப்போது போலீஸ் இருக்காது என்று நம்புகிறேன்.

அனிசேத்தோ

*

லா பாஸ்
25 மார்ச்

தம்பி,

போலீஸ் போய்விட்டது. எனக்கு வருத்தம்தான், சீட்டாட ஆளில்லை. அந்தப் பையன்தான் போகும்போது எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆஸ்பத்திரிச் சூப்பை முழுக்கக் குடித்தேன்.

ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் வெயில் வராது என்பார்கள். உங்கள் ஊர் வெக்கையில் வளர்ந்த நீ இந்த உயரத்துக் குளிரைத் தாங்க மாட்டாய்.

ஒரே ஒரு குறை. என்னைத் தெய்வம் என்று விசாரணையில் சொன்னாயாம். பதிவிலிருந்து அதை அடித்துவிடச் சொல். தெய்வத்துக்கு யாரும் லைசென்ஸ் தர மாட்டார்கள், எனக்கு லைசென்ஸ் வேண்டும்.

எமெத்தேரியா

*

லா பாஸ், சிறை
18 மே

அம்மா,

தீர்ப்பு வந்துவிட்டது. மோதலுக்குக் காரணம் நான் முந்தியதுதான் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடம். நல்லபடி நடந்தால் குறையும் என்கிறார் வக்கீல். லைசென்ஸ் இனி எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

சங்கம் என்னை நீக்கிவிட்டது. சங்கத்தைக் காட்டிக்கொடுத்தேனாம். என் முறை வேறொருவருக்குப் போய்விட்டது. நியெவெஸ் சந்தையில் பழம் விற்கிறாள். முன்பு கையைப் பிடித்துக்கொண்டவர்களில் சிலர் அவளைக் கண்டால் எதிர்ப்புறம் நடக்கிறார்களாம். ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள், அவர்கள் நினைப்பதிலும் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்தாள். பெரியவள் என்னிடம், "அப்பா, நீ கெட்டவனா?" என்று கேட்டாள். நான் பதில் தேடும் முன்னே நியெவெஸ், "தப்புப் பண்ணாரு. பண்ணேன்னு சொன்னாரு. அது கெட்டவங்க செய்யறதில்ல" என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உங்களுக்கும் ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தி வைத்திருக்கிறார்களாமே? தன் பக்கத்தை வேண்டுமென்றே விட்டு விலகியதற்காக. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மழை என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு இது வந்திருக்காது. உங்களுக்கு லாரியும் போய், இடுப்பும் போய், கடைசியில் தண்டனையுமா?

ஓட்டிய வருடங்களிலெல்லாம் நன்றாக முந்துகிறவனைத்தான் கெட்டிக்காரன் என்று நினைத்து வந்தேன். இப்போது கண்ணை மூடினால் என் முன்னால் குறுக்கே வருகிற உங்கள் லாரிதான் தெரிகிறது. பயமாக இல்லை. எனக்காக ஒருவர் வருகிறார் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள்
அனிசேத்தோ

*

லா பாஸ்
7 ஜூலை

அனிசேத்தோ, மகனே,

முதலில் உன் கோபத்தை இறக்கி வை. எனக்குக் கொடுத்த ஆறு மாதம் நியாயமான ஆறு மாதம். தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "ஓட்டுநர் முழுக் கட்டுப்பாட்டோடும் தன் விருப்பத்தோடும் வண்டியைத் திருப்பினார்." முழுக் கட்டுப்பாட்டோடு! முப்பது வருடத்தில் அரசாங்கம் என்னைப் பற்றி எழுதிய ஒரே நல்ல வார்த்தை. அதிகாரி பெரெதோ வெட்கத்தோடு தாளை நீட்டினார். "மன்னிச்சுக்கங்கம்மா, சட்டத்துல வேற வழியில்ல" என்றார். "எதுக்குங்க மன்னிப்பு, இன்னொரு பிரதி குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். லாரிச் சங்கத்துக்காரர்கள் நிதி திரட்டிப் பழைய வண்டி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டிசம்பருக்குள் ஏறிவிடுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் உன் மனைவியைப் பார்க்கக் கிளம்பினேன். ஓட்டத்தான் தடை, உட்கார்ந்து போகத் தடையில்லை. மினிபஸ் நிலையத்துக்குக் கைத்தடியோடு போய் நின்றால், முதல் முறை யாருடையது? கிரிசாந்தோவுடையது. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். முன்சீட்டில் இருந்தவரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து ஏற்றினார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் பதமாகத்தான் ஏற்றினார்.

மேல்கணவாய் தாண்டி இறக்கம் தொடங்கியதும் எங்கள் முன்னால் மரம் ஏற்றிய ஒரு பழைய லாரி. ஆமை மாதிரி போகிறது. பனி இல்லை, வெயில் அடிக்கிறது, வளைவு வரை சாலை நன்றாகத் தெரிகிறது. நானே மனதுக்குள் இரண்டு தடவை முந்திவிட்டேன், மறைக்காமல் சொல்கிறேன். பின்சீட்டில் ஒருவன் பொறுக்க முடியாமல் கத்தினான்.

"தோன் கிரிசாந்தோ, போங்க, போங்க! இவன் பின்னாடி போனா நாளைக்குத்தான் ஊரு!"

கிரிசாந்தோ கியரை மாற்றவில்லை.

"என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? போன வாரமும் இப்படித்தான் உருட்டுனாங்க. மினிபஸ் சங்கமா, சவ ஊர்வலமா?" என்றான் அவன்.

"முந்தலாம்" என்றார் கிரிசாந்தோ, சாலையைப் பார்த்தபடியே. "ஆனா எங்காளு ஒருத்தன் உள்ள இருக்கான். நாங்க செஞ்சதுக்கும் சேத்து இருக்கான். அவன் வெளிய வர்ற வரைக்கும் இந்த ரோட்டுல எங்க சங்கத்துல யாரும் முந்தறதில்லன்னு வச்சிருக்கோம்."

நான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். உன்னை நீக்கியவர்கள்தானே இவர்கள்? கேட்டேவிட்டேன்.

"நீக்குனது நீக்குனதுதான்" என்றார். "அதுக்கு ஓட்டுப் போட்டேன். இதுக்கும் ஓட்டுப் போட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "முதல்ல சேர்றவனுக்கு முதல் முறைங்கறதையும் எடுத்துட்டோம். கிளம்புன வரிசைதான் இனிமே" என்றார்.

மகனே, நான் அன்றைக்குக் கொடுத்தது ஒரு லாரி. கண்மூடித் திறக்கும் நேரத்தில் கொடுத்தேன், யோசித்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. நீ ஒரு மாதம் யோசித்தாய். பெண்டாட்டி, பிள்ளை, பூசை, பெயர் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய், நிம்மதி வாசல் வரை வந்து நின்றது, அதற்கு அப்புறமும் விளிம்புக்கு நடந்து போய் நின்றாய். என்னால் அது முடிந்திருக்காது. இந்த மலையில் நான் மரியாதை வைத்த ஆட்கள் ரொம்பக் குறைவு. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை இன்னொரு தடவை எழுத மாட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

அந்த வளைவு வந்தபோது நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் உங்கள் சங்கத்து மினிபஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, மலையைச் சுற்றி மேலே கண்ணுக்கு எட்டும் வரை. எல்லாம் பள்ளத்துப் பக்கம், விளிம்பை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக. மரலாரி உருண்டுகொண்டே போனது. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

எமெத்தேரியா